நொய்யலாற்று நீரும் நம் குடும்ப ஆரோக்கியமும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் நிகழ்த்திய பிரசங்கம்)



இன்று இச்சபையிற் பேசுமாறு என்னைப் பணித்த காரியதரிசியார், பொருளை என் விருப்பத்திற்கே விட்டுவிட்டார். கல்வி, சிக்கனம், விவாகச் செலவு முதலிய விஷயங்களைப் பற்றி என்னினும் வல்லோர் பலர் இம்மேடையில் பலகாற் பேசியுள்ளனர். ஆதலின் அவற்றை விடுத்து, நம்மிற் பெரும்பாலோர் எந்த ஆற்றங்கரையிற் பிறந்து வளர்ந்தோமோ, அந்த நொய்யலாற்றின் நீரைப் பற்றிச் சில வார்த்தைகள் கூறத் துணிந்தேன். யான் வைத்தியனுமல்லேன், ரசாயன சாஸ்திரியுமல்லேன். நூல்களிற் படித்தும், அறிந்தோர் பாற் கேட்டும் தெரிந்துகொண்டவற்றையே கூறுகின்றேன். குற்றங் குறைகளைப் பொறுத்தருளுமாறு வேண்டுகிறேன்.

இப்பொருளை நான் எடுத்துக்கொள்வதற்குக் காரணமாயிருந்த நிகழ்ச்சி ஒன்றை முதலிற் சொல்லுகிறேன். சென்ற தை மாதத்தில் நம் பந்துக்களுடைய விவாகம் ஒன்றிற்குச் சென்றிருந்தேன். ஆற்றின் கீழ்ப்பகுதியிலுள்ள சிற்றூர் அது. மாப்பிள்ளை வீட்டார் பண்ணையம் செய்வோர். பெண் வீட்டார் திருப்பூரிற் சாயப்பட்டறை நடத்துவோர். பந்திக்கு வேண்டிய குடிநீர் முழுவதும் பட்டணத்திலிருந்து வண்டியிற் கேன் கேனாக வந்து இறங்கிற்று. பெண்ணின் தகப்பனார் அதனைக் கண்டு, "வாசலிற் கிணறு இருக்கத் தண்ணீருக்கு இத்தனை பணம் செலவிடலாமா?" என்று கேட்டார். மாப்பிள்ளையின் பாட்டியார் மறுமொழி கூறாது உள்ளே சென்று, அக்கிணற்று நீரை ஒரு சொம்பில் மொண்டு வந்து அவர் கையிற் கொடுத்தார். ஒரு வாய் பருகிய அவர், விழுங்கவும் மாட்டாது, சபை நடுவே உமிழவும் மாட்டாது நின்றார். "உங்க ஊரிலிருந்து வந்த தண்ணிதானுங்க, சம்பந்தி" என்று அவ்வம்மையார் மெல்லச் சொன்னார். அதிற் கோபம் இல்லை. ஆயினும் அச்சொல் அன்று முதல் என் மனத்தை விட்டு அகலவில்லை.

இச்சபையைச் சற்றே நோக்குங்கள். ஆற்றின் மேற்பகுதியிலே தொழில் நடத்துவோரும், கீழ்ப்பகுதியிலே அந்நீரை நம்பி வாழ்வோரும் இங்கே பக்கத்திற் பக்கத்தில் அமர்ந்திருக்கின்றனர். பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் உறவு இரு திறத்தார்க்கும் உண்டு. ஆதலின் இது யாரோ எவரோ சம்பந்தப்பட்ட விவகாரமன்று; நம் வீட்டு விவகாரமே.

ஆற்றின் பெருமை

நொய்யல், மேற்குத் தொடர்ச்சி மலையில் வெள்ளியங்கிரிச் சாரலிலே தோன்றி, கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர் ஆகிய நான்கு ஜில்லாக்களின் வழியே கிழக்கு நோக்கிச் சென்று, நொய்யல் என்னும் ஊரருகே காவிரியிற் கலக்கின்றது. காஞ்சிமாநதி என்பது இதன் பழம்பெயர். பேரூர்ப் பட்டீசுவரர் திருக்கோயில் இதன் கரையிலேயே விளங்குகிறது. உக்கடம், குறிச்சி, சிங்காநல்லூர், சூலூர் முதலிய குளங்களுக்கெல்லாம் அணைகளும் வாய்க்கால்களும் அமைத்து, மலையில் மழை பெய்த காலத்து வரும் வெள்ளத்தைத் தேக்கிவைத்த நம் முன்னோருடைய அறிவு போற்றத்தக்கது.

சென்னிமலையை அடுத்த கொடுமணல் இவ்வாற்றின் வடகரையில் உள்ளது. அங்கே நடந்த அகழாய்வுகளால், ஈராயிரம் ஆண்டுகட்கு முன்பே இரும்பு உருக்கும் தொழிலும், நிறக்கற்களை மணிகளாகக் கடையும் தொழிலும் அவ்வூரிற் சிறந்திருந்தன என்பது புலனாகிறது. இதனை நான் எடுத்துக் கூறுவது வீண் பெருமைக்காக அன்று. தொழில் என்பது இக்கரைக்குப் புதிதன்று என்பதை நினைவூட்டவே கூறினேன். தொழிலே வேண்டாம் என்று சொல்லும் கட்சியைச் சேர்ந்தவனல்லேன். நம் குடும்பங்களிற் பல, பனியன் தொழிலினாலேயே தலையெடுத்தவை.

நிற்க. இன்று நிலைமை யாது? கோயமுத்தூர் நகரம் சிறுவாணி நீரையும் பில்லூர் நீரையும் பருகுகிறது. திருப்பூர், பவானி ஆற்றிலிருந்தும் காவிரியிலிருந்தும் குழாய் வழியே வரும் நீரைப் பருகுகிறது. ஊர் நடுவே தனக்கென ஓர் ஆறு இருக்க, வேற்றாற்று நீரைத் தொலைவிலிருந்து கொணர்ந்து குடித்துவிட்டு, கழிவை மட்டும் தன் ஆற்றில் விடுவது எவ்வளவு விபரீதம்!

கெடுவதற்குக் காரணங்கள்

ஆறு கெடுவதற்கு முக்கிய காரணங்கள் இரண்டு. ஒன்று, நகரத்து வீடுகளின் சாக்கடை. மற்றொன்று, தொழிற்சாலைக் கழிவு. இவ்விரண்டின் இயல்பும் வேறு, விளைவும் வேறு, பரிகாரமும் வேறு.

சாக்கடையின் தன்மையை யாவரும் அறிவர். திருப்பூரில் நல்லாறும் ஜம்மனை ஓடையும் நகரத்துக் கழிவைச் சுமந்து வந்து நொய்யலிற் சேர்கின்றன. சாயக்கழிவின் தன்மையைச் சற்று விரித்துரைக்க வேண்டும். முற்காலத்தில் திருப்பூரில் வெள்ளைப் பனியன்களே பெரும்பாலும் செய்யப்பட்டன; அதற்குச் சலவைப்பட்டறைகளே போதியனவாயிருந்தன. 1980-க்குப் பின் வெளிநாட்டு ஏற்றுமதி பெருகவே, நிறத்துணிகள் மிகுந்தன; சாயப்பட்டறைகளும் பெருகின. பருத்தித் துணியிற் சாயம் நன்கு பற்றுவதற்குச் சாயத்தொட்டியில் உப்பு இடுதல் அவசியம். அடர்ந்த நிறமாயின், லிட்டருக்கு 50 கிராமுக்கு மேலும் உப்பு வேண்டியிருக்கும். கடல்நீரிலேயே லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புத்தான் உண்டு. சாயத்திற் பெரும்பகுதி துணியிலே தங்கும். உப்போ துணியில் தங்குவதில்லை. சாயத்தைத் துணியில் ஏற்றும் வேலை முடிந்தவுடன், இட்ட உப்பெல்லாம் கழிவு நீரோடே வெளிப்பட்டுவிடுகிறது.

1990-க்குப் பின் ஏற்பட்ட பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் முதலில் நிறத்தையும் அழுக்கையும் குறைத்தனவேயன்றி, உப்பைக் குறைக்கவில்லை. கரைந்த உப்பு வண்டலாகப் படியாது. சாதாரண வடிகட்டியிலும் நில்லாது. மேலே தெளிந்து காணப்பட்ட நீர், உள்ளே உப்பைச் சுமந்துகொண்டே கீழே சென்றது. பாசனத்துக்கென்று 1992-ல் எழுந்த ஒரத்துப்பாளையம் அணையில் அந்நீர் தேங்கிற்று. தேங்கிய நீர் நிலத்தினுள் இறங்கிக் கிணறுகளையும் அடைந்தது. கடைசியில், அவ்வணையில் நீரைத் தேக்கவே வேண்டா என்று பாசன உழவரே முறையிட நேர்ந்தது. நீருக்காக ஏங்கும் உழவன் நீர் வேண்டாம் என்று சொல்வதினும் பெரிய துன்பம் வேறுண்டோ?

அளந்து அறியும் முறை

"கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரித்ததே மெய்" என்பது நம் நாட்டுப் பழமொழி. ஆற்று நீரின் விஷயத்தில் இது முற்றும் உண்மை. நிறமில்லாத நீர் நல்ல நீர் என்பது பெரும் பிழை. உப்புக்கும் நிறமில்லை, நோய்க் கிருமிக்கும் நிறமில்லை. ஆதலின் நீரைப் பரீட்சித்தே அறிதல் வேண்டும். முக்கியமான பரீட்சைகள் நான்கு.

முதலாவது, நீரிற் கரைந்துள்ள பிராணவாயு. மீனும் பிற நீர்வாழ் உயிர்களும் இதனாலேயே ஜீவிக்கின்றன. நம் நாட்டு வெப்பநிலையில் சுத்தமான ஆற்று நீரில் லிட்டருக்கு 7 அல்லது 8 மில்லிகிராம் இருக்கும். குளிப்பதற்குத் தக்க ஆற்றில் 5-க்குக் குறையலாகாது என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவு.

இரண்டாவது, அழுக்கைச் சிதைப்பதற்குக் கிருமிகள் உட்கொள்ளும் பிராணவாயுவின் அளவு. நீரை ஒரு புட்டியில் அடைத்து, 27 டிகிரி வெப்பத்தில் மூன்று நாள் வைத்து, எவ்வளவு பிராணவாயு செலவாயிற்று என்று கணக்கிடுவர். மிகுதியாகச் செலவானால் அழுக்கு மிகுதி என்று கொள்க. குளிக்கும் நீரில் இது லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. சுத்தி செய்யாத சாக்கடையில் இது 200-க்கு மேலும் இருப்பதுண்டு.

மூன்றாவது, குடற்கிருமிகளின் எண்ணிக்கை. மனிதர், கால்நடைகளின் மலம் நீரிற் கலந்ததா என்பதை இது காட்டும். குளிக்கும் நீரில் 100 மில்லிலிட்டருக்கு 500-க்குள் இருத்தல் வேண்டும். குடிநீரிலோ இவ்வகைக் கிருமி ஒன்றேனும் இருத்தல் கூடாது.

நான்காவது, கரைந்துள்ள உப்புக்களின் மொத்த அளவு. குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நன்று; வேறு நீர் கிடையாவிடத்து 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்திய அரசாங்கத் தர நிர்ணயம். இதனை அறிய ஆய்வுச்சாலைக்கும் போக வேண்டுவதில்லை. நீரிலே மின்சாரம் பாயும் திறத்தைக் கொண்டு உப்பின் அளவை மதிப்பிடும் சிறு கருவி, சட்டைப்பையில் அடங்குவது, கடைகளிற் சிறு விலைக்குக் கிடைக்கிறது.

பரீட்சை செய்வோர் மறவாது கைக்கொள்ள வேண்டிய விதிகள் சில உள. ஒரு நாள், ஓரிடத்து நீரை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லலாகாது. மழை வெள்ளத்தில் உப்புக் கரைந்து குறைவாய்த் தோன்றும். கோடையில் மிகுந்து தோன்றும். ஆகவே இரு காலத்தும் பார்த்தல் வேண்டும். ஓடை கலக்கும் இடத்திற்கு மேலும் கீழும் எடுத்து ஒப்பிட்டாலன்றி, கெடுதல் எங்கிருந்து வந்தது என்பது தெரியாது. கிருமிப் பரீட்சைக்குரிய நீரை, கொதிநீரில் வைத்துச் சுத்தி செய்த புட்டியில் எடுத்து, குளிர்ச்சியாக வைத்து, அன்றைக்கே ஆய்வுச்சாலைக்குச் சேர்ப்பித்தல் வேண்டும்.

நோயும் நீரும்

நீரினால் நோய் வந்தது என்பதை நிரூபிப்பது எப்படி? இதற்கு வழிகாட்டியவர் இலண்டன் நகரத்து வைத்தியர் ஜான் ஸ்நோ என்பவர். 1854-ல் அந்நகரத்தில் வாந்திபேதி பரவிய காலத்து, ஒரே தெருவிலுள்ள வீடுகளுக்கு இரண்டு கம்பெனிகள் தேம்ஸ் ஆற்று நீரைக் குழாய் வழியே அளித்து வந்தன. ஒரு கம்பெனி, தான் நீர் எடுக்கும் இடத்தை 1852-ல் நகரத்துச் சாக்கடை சேராத மேற்பகுதிக்கு மாற்றிக்கொண்டது. மற்றது பழைய இடத்திலேயே எடுத்து வந்தது. எந்த வீட்டில் எந்த நீர் என்று வீடு வீடாகச் சென்று விசாரித்தார் ஸ்நோ. கீழ்ப்பகுதி நீரைப் பருகிய வீடுகளில் 10,000-க்கு 315 மரணங்கள். மேற்பகுதி நீரைப் பருகிய வீடுகளில் 37. தெரு ஒன்றே, காற்று ஒன்றே, நீர் மாத்திரம் வேறு. கிருமி இன்னதென்று உலகம் அறியாத காலத்திலேயே, கணக்கு ஒன்றைக் கொண்டே உண்மையை வெளிப்படுத்தினார்.

நம் தேசத்திலேயே மற்றோர் உதாரணம் உண்டு. 1955-ஆம் ஆண்டில் யமுனையில் வெள்ளம் வந்து வடிந்த பின், ஆற்றின் போக்கு மாறிற்று. அதனால் டெல்லி நகரத்து நஜப்கர் வாய்க்காலின் சாக்கடை, வசீராபாத்தில் குடிநீர் எடுக்கும் இடத்தை வந்து அடைந்தது. அதிகாரிகள் குளோரினை மிகுதியாக இட்டனர். குடற்காய்ச்சலும் சீதபேதியும் பெருகவில்லை. ஆயினும் 1955 டிசம்பர் முதல் 1956 ஜனவரி முடிய ஏறத்தாழ 29,000 பேருக்கு மஞ்சட்காமாலை கண்டது. கர்ப்பவதிகளுக்கு அது மிகவும் கொடியதாயிற்று. பின்னாளில் அந்நோய்க்குக் காரணம் ஹெபடைட்டிஸ் ஈ என்னும் நுண்ணுயிர் என்று தெரிந்தது. ஒரு கிருமியைக் கொல்லும் மருந்து மற்றொன்றைக் கொல்லாது விடக்கூடும் என்பதும், சாக்கடையை ஆற்றிற் சேரவிட்டுப் பின் மருந்தை நம்பியிருப்பது அபாயம் என்பதும் இதனால் விளங்கும்.

இனி நம் ஆற்றுக்கு வருவோம். சாக்கடை கலந்த நீரால் வாந்திபேதி, குடற்காய்ச்சல், காமாலை, சீதபேதி, குடற்பூச்சி முதலியன உண்டாகும். தேங்கிய சாக்கடையிற் பெருகும் கொசுக்களால் யானைக்கால் நோய் பரவக்கூடும். கிணற்று நீரில் நைட்ரேட் என்னும் உப்பு லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேற்பட்டால், ஆறு மாதத்திற்குட்பட்ட, புட்டிப்பால் உண்ணும் குழந்தைகளின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழந்து, உடல் நீலம் பாரிக்கும். தாய்மார்கள் இதனைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். சோடியம் மிகுந்த நீர், இரத்த அழுத்தமும் சிறுநீரக நோயும் உடையார்க்கு ஆகாது.

ஓர் எச்சரிக்கை. நீரைக் காய்ச்சினால் கிருமி சாகும். உப்பும் நைட்ரேட்டும் போகா. நீர் சுண்டச் சுண்ட அவை மிகவே செய்யும். ஆகவே "காய்ச்சித்தானே குடிக்கிறோம்" என்று உப்புக் கிணற்று நீரை நம்புதல் பேதைமை.

மற்றொன்றையும் நடுநிலையோடு சொல்லவேண்டும். ஆற்றங்கரையிலே ஒருவருக்கு மூட்டுவலி வந்தாலும், மலடு என்றாலும், புற்றுநோய் என்றாலும், உடனே சாயத்தின் மேற் பழி சுமத்துகிறோம். நோய்க்குக் காரணம் பல உண்டு. ஒத்த வயதும், ஒத்த தொழிலும், ஒத்த உணவும் உடைய இரண்டு ஊர்களை, நீர் ஒன்றில் மட்டும் வேறுபட்டனவாக எடுத்து ஒப்பிட்டாலன்றி உண்மை வெளிப்படாது. ஸ்நோ செய்தது அதுவே. அளவுக்கு மீறிய குற்றச்சாட்டு, உண்மையான குற்றச்சாட்டையும் வலியிழக்கச் செய்துவிடும்.

நியாயஸ்தலத்தின் தீர்ப்பு

நீர் மாசுபடுதலைத் தடுக்கும் சட்டம் 1974-லேயே இயற்றப்பட்டது. ஆயினும் ஆற்றுப் பாசன உழவர்கள் 2003-ல் வழக்குத் தொடுத்த பின்னரே காரியம் வேகங்கொண்டது. ஒரு துளிக் கழிவும் ஆற்றில் விடலாகாது என்று சென்னை ஐகோர்ட்டு 2006-ல் தீர்ப்பளித்தது; 2009-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதனை உறுதி செய்தது. அதன் பின்னும் நிறைவேறாமையால், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடுமாறு ஐகோர்ட்டு உத்தரவிட, 700-க்கு மேற்பட்ட பட்டறைகள் நின்றன. அக்காலத்தில் வேலையிழந்து சொந்த ஊர் திரும்பிய தொழிலாளரையும், கடன்பட்டு நொந்த முதலாளிகளையும் நாம் நேரிற் கண்டோம். கீழ்ப்பகுதியார் அடைந்த துன்பம் மெய். மேற்பகுதியார் அடைந்த துன்பமும் மெய்.

அந்நெருக்கடியிலிருந்தே ஒரு நன்மையும் பிறந்தது. நுண்சவ்வுகளின் வழியே அழுத்தத்தோடு நீரைச் செலுத்தி உப்பைப் பிரித்தும், எஞ்சிய உவர்நீரைக் காய்ச்சியும், கழிவு நீரில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் மீட்டு, அதனையே மறுபடி சாயமிடப் பயன்படுத்தும் முறை வழக்கில் வந்தது. இது நம் தொழிலாளருக்கும் தொழிலதிபருக்கும் பெருமை தருவதே. ஆனால் காரியம் முடிந்துவிட்டது என்று எண்ணுதல் தவறு. கலவை உப்பும் கசடும் பட்டறைகளிற் குவிந்து கிடக்கின்றன. கட்டுப்பாட்டை மீறி இரவில் கழிவைத் திறந்துவிடுவோரைப் பற்றிய செய்திகள் இடையிடையே வருகின்றன. நிலத்தினுள் இறங்கிய உப்பு எளிதில் நீங்குவதன்று. எல்லாவற்றிற்கும் மேலாக, நம் வீட்டுச் சாக்கடை இன்னும் ஆற்றிற் கலக்கிறது. சாயப்பட்டறை முதலாளியைக் குறை கூறும் நம்மில் எத்தனை பேர், நம் வீட்டுக் கழிவு எங்கே சென்று சேர்கிறது என்று விசாரித்திருக்கிறோம்?

நாம் செய்யத்தக்கன

நம் சங்கத்தின் சக்திக்கு உட்பட்டனவாக மூன்று காரியங்களைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஒன்று: கல்வி நிதியைப் போல ஒரு நீர்ப் பரீட்சை நிதி ஏற்படுத்தி, ஆற்றங்கரையூர்களில் நம் அங்கத்தினர் வீட்டுக் கிணறுகளை ஆண்டுக்கு இருமுறை, கோடையில் ஒருமுறையும் மழைக்குப் பின் ஒருமுறையும், பரீட்சித்து, ஊர், தேதி, உப்பின் அளவு, நைட்ரேட், கிருமி ஆகியவற்றை ஒரே புத்தகத்திற் பதிந்து வரவேண்டும். பிற சமூகத்தார் கிணறுகளையும் உடன் சேர்த்துக்கொள்வதே முறை. நிலத்தடி நீர் ஜாதி பார்த்து ஓடுவதில்லை. பத்தாண்டுக் கணக்கு ஒன்று நம் கையில் இருந்தால், அதிகாரிகளிடம் அழுது முறையிட வேண்டுவதில்லை. கணக்கைக் காட்டினால் போதும். நம் காலேஜ் மாணவர்கள் இப்பணியை ஏற்கலாம்.

இரண்டு: சாயத்தொழில் நடத்தும் நம்மவர், எடுத்த நீர் இவ்வளவு, மீட்ட நீர் இவ்வளவு, சேர்ந்த உப்பு இவ்வளவு என்னும் கணக்கைச் சங்கத்திற்கு ஆண்டுதோறும் தாமே முன்வந்து தரவேண்டும். சட்டத்திற்கு அஞ்சித் தருவது ஒருவகை; உறவினர் முகத்தைப் பார்த்துத் தருவது அதனினும் உயர்ந்தது.

மூன்று: ஈமக்கிரியை, பண்டிகை முதலிய காலங்களில் துணிகளையும் மாலைகளையும் பிளாஸ்டிக் பைகளையும் ஆற்றில் விடும் வழக்கத்தை நம் வீடுகள் உடனே நிறுத்த வேண்டும். இதற்குக் கோர்ட்டும் வேண்டா, நிதியும் வேண்டா.

பெரியோர்களே! அந்த விவாகத்தன்று சொம்பு நீரைப் பருகிய சம்பந்தியார், பந்தி முடிந்த பின் என்னைத் தனியே அழைத்து, "என் மகள் இனி இந்த வீட்டில்தானே இருக்கப்போகிறாள்" என்று ஒரு வார்த்தை சொன்னார். அவருடைய பட்டறை சட்டப்படியே நடப்பது. எனினும் தகப்பன் என்ற முறையில் அவர் மனம் கலங்கிற்று. மேலூரில் நாம் விடும் நீரைக் கீழூரிற் குடிப்பவர் யார் என்பதை, அவரைப் போலவே நாம் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நான் கூறிய மூன்றனுள் முதலாவதையேனும் இன்றைய கூட்டத்திலேயே தீர்மானமாக நிறைவேற்றித் தருமாறு அக்கிராசனாதிபதி அவர்களை வேண்டிக்கொள்கிறேன்.